பசியின் புவியியலும் பதவியின் எல்லையும்: ஜோசுவே டி காஸ்ட்றோவின் பணி குறித்த ஒரு மதிப்பீடு

பசி இயற்கையின் விதியா, மனிதரின் செய்கையா என்னும் வினா மிகப் பழையது. பஞ்சத்தை மழையின் பிழையாகவும் பட்டினியைத் தலைவிதியின் பயனாகவும் கொள்ளும் மனப்பாங்கு எல்லாச் சமுதாயங்களிலும் வேரூன்றியிருந்தது. 1798இல் மல்தஸ் இம்மனப்பாங்குக்குக் கணித உருவம் ஒன்றைக் கொடுத்தார். சனத்தொகை பெருக்கல் விருத்தியிலும் உணவு கூட்டல் விருத்தியிலும் வளரும் என்ற அவரது கூற்று, ஏழைகளின் பசிக்கு ஏழைகளின் பெருக்கத்தையே பொறுப்பாக்கியது. இரண்டாம் உலகப் போரின் பின் இவ்வாதம் புத்துயிர் பெற்றது. 1948இல் வெளிவந்த வில்லியம் வோக்றின் நூல், வறிய நாடுகளின் சனப்பெருக்கமே உலகின் பேராபத்து என எச்சரித்து மேற்கு நாடுகளில் பெரும் செல்வாக்குப் பெற்றது. அவ்வேளையில் அதற்கு நேர் எதிரான திசையிலிருந்து எழுந்த குரல்களுள் முதன்மையானது பிறேசில் நாட்டு மருத்துவரும் புவியியலாளருமான ஜோசுவே டி காஸ்ட்றோவின் குரலாகும்.

டி காஸ்ட்றோ அறிஞராக மட்டும் வாழ்ந்தவரல்லர். உணவு விவசாய தாபனத்தின் பேரவைத் தலைவராகவும், பிறேசில் பாராளுமன்ற உறுப்பினராகவும், ஜெனீவாவில் தம் நாட்டின் தூதுவராகவும் பணியாற்றியவர்; இறுதியில் நாடு திரும்பும் உரிமையின்றி அந்நிய மண்ணில் மடிந்தவர். ஆகவே அவரது நூல்களை அவரது பதவிகளிலிருந்து பிரித்து நோக்குதல் முழுமையான மதிப்பீட்டுக்கு உதவாது. பசிக்கான காரணங்களைத் தெளிவாகக் கண்ட ஒருவர், அக்காரணங்களைக் காத்துநிற்கும் அரசுகளின் சபையில் அமர்ந்து எதனைச் சாதிக்க முடிந்தது, எதனைச் சாதிக்க முடியவில்லை என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. சேறும் நண்டும் மனிதரும்

டி காஸ்ட்றோ 1908இல் பிறேசிலின் வடகிழக்கிலுள்ள றெசிபே நகரிற் பிறந்தார். கரும்புத் தோட்டங்களின் செல்வத்தால் எழுந்த நகரம் அது. வறட்சியாலும் பெருநிலவுடைமையாலும் துரத்தப்பட்ட உள்நாட்டு மக்கள் அந்நகரை அண்டிக் கப்பிபரிபே ஆற்றின் கண்டற் சதுப்புகளிற் குடிசையமைத்து வாழ்ந்தனர். சேற்றில் வாழும் நண்டே அவர்களின் உணவு. மனிதக் கழிவு சேற்றிற் சேர, சேற்றை நண்டு உண்ண, நண்டை மனிதன் உண்ண, மீண்டும் அது சேற்றிற் சேரும் இச்சுழற்சியை டி காஸ்ட்றோ தமது இளமைக்காலச் சிறுகதை ஒன்றிலேயே பதிவுசெய்தார். 1960களில், நாடுகடந்து வாழ்ந்த காலத்தில் வெளியிட்ட ‘மனிதரும் நண்டுகளும்’ என்னும் நாவலில் அதே சதுப்புக்கு மீண்டும் திரும்பினார். ஆய்வாளராக அவர் பின்னர் எழுதிய அனைத்துக்கும் மூலப்படிமமாக இச்சுழற்சியைக் கொள்ளலாம்.

1929இல் மருத்துவப் பட்டம் பெற்று றெசிபே திரும்பிய அவர், தொழிற்சாலை ஒன்றில் மருத்துவராகச் சேர்ந்தார். தொழிலாளர் சோம்பேறிகள் என்பது முதலாளியின் முறைப்பாடு. அவர்களைச் சோதித்த இளம் மருத்துவர், அவர்களுக்குள்ள நோய் பசியே என்றும், அதற்குரிய மருந்து தம்மிடம் இல்லை என்றும் அறிவித்தார், வேலையையும் இழந்தார். இச்சம்பவத்தை அவரே பின்னாளில் எடுத்துரைத்துள்ளார். சோம்பல் என்னும் ஒழுக்கத் தீர்ப்பின் இடத்திற் போசாக்கின்மை என்னும் மருத்துவ உண்மையை வைத்தமை அவரது சிந்தனையின் முதற்படி. 1932இல் றெசிபேயின் தொழிலாளர் குடும்பங்கள் 500இன் உணவையும் வருவாயையும் வீட்டுவாடகையையும் கணக்கிட்டு அவர் நடத்திய ஆய்வு இரண்டாம் படி. உடலின் குறைபாட்டை வேதனத்தின் குறைபாட்டோடு இணைத்த இவ்வகை ஆய்வுகள், 1940இல் பிறேசிலில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச வேதனச் சட்டத்துக்கான விவாதங்களுக்கு வலுவூட்டின.

2. படம் வரைதலும் பழி நாட்டலும்

1946இல் வெளிவந்த ‘பசியின் புவியியல்’ டி காஸ்ட்றோவின் ஆக்கங்களுட் சிறப்பானது எனத் துணிந்து கூறலாம். பிறேசிலை ஐந்து உணவுப் பிரதேசங்களாக அது வகுக்கிறது. அமேசனும் வடகிழக்கின் கரும்பு வலயமும் பசி நிரந்தரமாகக் குடிகொண்ட பிரதேசங்கள். வடகிழக்கின் வறண்ட உள்நாடான சேர்த்தாவோ பசி கொள்ளைநோய் போல இடையிடையே தாக்கும் பிரதேசம். மத்திய மேற்கும் தென்கோடியும் போசாக்குக் குறைபாடுடையவை. இப்பாகுபாட்டின் பயன் கரும்பு வலயத்தையும் வறண்ட வலயத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்கும்போதே புலனாகிறது.

வளமான கரிய மண்ணும் தவறாத மழையும் உள்ள கரையோரத்தில் மக்கள் ஆண்டு முழுவதும் பசித்திருக்க, வறண்ட உள்நாட்டிலோ மழை பொய்க்காத காலங்களிற் சோளமும் பாலும் பாற்கட்டியும் ஆட்டிறைச்சியும் உண்டு உரம்பெற்ற மக்கள் வாழ்கின்றனர். இயற்கையே பசியின் காரணமாயின் இந்நிலை தலைகீழாக அன்றோ இருத்தல் வேண்டும்? வளமண்ணைப் பசிநிலமாக்கியது கரும்பு என்னும் ஒற்றைப் பயிர்ச்செய்கையே என்பது டி காஸ்ட்றோவின் முடிவு. காட்டை அழித்து, பிற பயிர்களை ஒதுக்கி, அடிமை உழைப்பின்மீது எழுந்த அப்பொருளாதாரம், மண்ணின் செல்வத்தை ஏற்றுமதிப் பண்டமாக மாற்றியது. உழைத்தவனுக்கு மரவள்ளி மாவை மட்டுமே விட்டுவைத்தது. பெருந்தோட்டங்களின் பிடியிலிருந்து தப்பியோடிய அடிமைகள் தமக்கென அமைத்த குடியிருப்புகளிற் பலவகைப் பயிர்களை விளைவித்தனர் என்பதையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். மண்ணும் மனிதரும் மாறாதிருக்க, நிலத்தின் மீதான உரிமை மாறியதும் உணவும் மாறிவிட்டமைக்கு இதனிலும் சிறந்த சான்று தேவையில்லை.

இந்நூலின் பலம் அதன் பொறுமையில் உள்ளது. எவ்வலயத்தில் எவ்வுயிர்ச்சத்துக் குறைகிறது, எக்குறைபாடு எந்நோயைத் தருகிறது என்பதை மருத்துவராகக் கூறும் ஆசிரியர், அக்குறைபாட்டின் வேரைத் தேடி வரலாற்றுக்குள் இறங்குகிறார். முழுப்பட்டினியை மட்டும் பசியெனக் கருதியவர்களுக்கு, வயிறு நிறைந்திருக்கும்போதே உடலை அரிக்கும் மறைபசியை அவர் அறிமுகப்படுத்தினார்.

1951இல் வெளிவந்த ‘பசியின் புவிசார் அரசியல்’ இம்முறையை உலகு முழுவதற்கும் விரித்தது. இருபதுக்கும் மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டு ஆசிரியருக்கு உலகப்புகழ் தேடித்தந்தது இந்நூலே. உணவு விவசாய தாபனத்தின் முதற் பணிப்பாளர் நாயகமான பொயிட் ஓர் பிரபுவின் முன்னுரையுடன் 1952இல் வந்த அதன் ஆங்கிலப் பதிப்போ, முந்திய நூலின் தலைப்பான ‘பசியின் புவியியல்’ என்பதையே தாங்கி வந்தது. தலைப்பிலிருந்து ‘அரசியல்’ உதிர்ந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் டி காஸ்ட்றோவின் கருத்துகள் சர்வதேச அரங்குகளில் வரவேற்கப்பட்ட முறையை அது முன்கூட்டியே உணர்த்தி நிற்கிறது. அவரது புவியியலை ஏற்ற அரசுகள் அவரது அரசியலை ஏற்கவில்லை.

நூலின் தொடக்கத்தில், பசியைப் பற்றிய மௌனத்தை அவர் ஒரு விலக்காகவே காண்கிறார். பாலுணர்வின் மீதிருந்த விலக்கைப் புரொயிட் உடைத்ததுபோலப் பசியின் மீதான விலக்கும் உடைக்கப்படல் வேண்டும் என்பது அவர் கருத்து. உணவைப் பண்டமாக்கி இலாபம் ஈட்டிய ஏகாதிபத்தியப் பொருளாதாரத்துக்கு அம்மௌனம் தேவைப்பட்டது என்று அவர் கூறுமிடத்து, மருத்துவர் மறைந்து அரசியற் சிந்தனையாளர் வெளிப்படுகிறார்.

3. கருதுகோளின் வழுக்கல்

எனினும் டி காஸ்ட்றோவின் புகழுக்குக் காரணமான அதே நூலிலேயே அவரது பெரும் வழுவும் அமைந்துள்ளது. சனப்பெருக்கம் பசியை உண்டாக்குகிறது என்ற மல்தஸ்வாதிகளின் கூற்றை மறுப்பதோடு அமையாது, பசியே சனப்பெருக்கத்தை உண்டாக்குகிறது என்று அவர் நிறுவ முயன்றார். புரதக்குறைவு ஈரலைப் பாதிக்க, பெண்மைச் சுரப்புகளைச் சமன்செய்யும் அதன் ஆற்றல் குன்றிக் கருவளம் மிகும் என்பது அவரது விளக்கம். வெள்ளெலிகளுக்கு வெவ்வேறு அளவிற் புரதம் ஊட்டிச் சுலோனேக்கர் செய்த பரிசோதனைகளும், நாடுகளின் பிறப்பு வீதத்தையும் விலங்குப்புரத நுகர்வையும் ஒப்பிடும் அட்டவணை ஒன்றும் அவர் காட்டிய சான்றுகள். அவ்வட்டவணையின் ஒரு முனையிற் புரதம் குறைந்து பிறப்பு மிகுந்த போர்மோசாவும், மறுமுனையிற் புரதம் மிகுந்து பிறப்புக் குறைந்த சுவீடனும் நின்றன.

இரு பொருள்கள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. சுவீடனிற் புரதத்தோடு கல்வியும், கைத்தொழிலும், பெண்களின் திருமண வயதும், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே உயர்ந்திருந்தன. எலிகளுக்கு இவை எவையும் இல்லை. இக்கருதுகோளை அறிவியலுலகம் ஏற்கவில்லை. இலங்கையின் அனுபவமும் இதற்கு எதிராகவே உள்ளது. மேற்கு நாடுகளின் விலங்குப்புரத நுகர்வை எவ்விதத்திலும் எட்டாத நிலையிலேயே, பெண்கல்வி, இலவச வைத்தியம், பிந்திய திருமணம், குடும்பத்திட்ட வசதி ஆகியவற்றின் துணையோடு, இருபதாம் நூற்றாண்டு முடியுமுன் இந்நாட்டின் பிறப்பு வீதம் வெகுவாகத் தாழ்ந்தது. கேரளத்தின் வரலாறும் இத்தகையதே.

இவ்வழு டி காஸ்ட்றோவின் அடிப்படை நோக்கைக் குலைத்துவிடுகிறதா? இல்லை எனலாம், ஒருவகையில் அந்நோக்குக்கு அவரே உண்மையாக இருக்கத் தவறிய இடம் இது. பசி சமுதாய உறவுகளின் விளைவு என்று நிறுவியவர், கருவளத்தையும் சமுதாய உறவுகளின் விளைவாகவே விளக்கியிருத்தல் வேண்டும். மல்தஸை அவரது களத்திலேயே வெல்லும் ஆவலில், சமுதாயத்தை விட்டு உடற்கூற்றுக்குள் அவர் புகுந்துகொண்டார். உலக மக்களில் மூன்றில் இரு பங்கினர் பசித்திருப்பதாக அவர் ஏற்றுக்கொண்ட கணிப்பிலும் இத்தகைய அவசரம் தெரிகிறது. முழுப்பட்டினி முதல் ஓர் உயிர்ச்சத்தின் குறைவு வரை அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கியமையால், எதிர்த்தரப்பினர் எண்ணிக்கையை மறுத்தே உண்மையைத் தட்டிக்கழிக்க வழி ஏற்பட்டது.

4. அதிகாரமற்ற ஆசனம்

1951 இறுதியில் உணவு விவசாய தாபனப் பேரவையின் சுயேச்சைத் தலைவராக டி காஸ்ட்றோ தெரிவானார். நான்கு ஆண்டுகள் அப்பதவியை வகித்தார். அதன் வலுவை மதிப்பிட முன்னைய வரலாற்றை நோக்குதல் தகும். 1946இல் பொயிட் ஓர், உலக உணவுச் சபை ஒன்றை அமைத்து, உபரியை வாங்கிச் சேமித்து, விலையை நிலைப்படுத்தி, பஞ்சம் நேரும் நாடுகளுக்கு வழங்கும் திட்டத்தை முன்வைத்தார். அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆதரவளிக்க மறுத்ததால் அது கைவிடப்பட்டது. பொயிட் ஓர் 1948இற் பதவி நீங்கினார். மறு ஆண்டு அவருக்குச் சமாதானத்துக்கான நொபெல் பரிசு கிட்டியது. திட்டத்தைப் புதைத்த உலகம் திட்டமிட்டவருக்குப் பரிசளித்தது.

டி காஸ்ட்றோ ஏற்ற ஆசனம் இத்தோல்வியின் பின்னர் எஞ்சியிருந்ததாகும். பேரவைத் தலைவருக்கு நிதியின்மீதோ செயலகத்தின்மீதோ ஆணை செலுத்தும் உரிமை இல்லை. கூட்டம் நடத்தலாம், பேசலாம், இணங்கச் செய்ய முயலலாம். அவசரகால உணவுக் கையிருப்பு ஒன்று அமைக்கப்படல் வேண்டும் என அவர் வாதாடினார். அக்காலத்தில் இக்கருத்துத் தாபனத்திற் பலமுறை ஆராயப்பட்டும் கையிருப்பு உருவாகவில்லை. அதே 1954ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா, பொதுச் சட்டம் 480 மூலம் தன் உபரித் தானியத்தைத் தானே தெரிந்த நாடுகளுக்குத் தான் விதித்த நிபந்தனைகளோடு அனுப்பத் தொடங்கியது. உலகிற் கையிருப்புக்கு வேண்டிய தானியம் இல்லாமற் போகவில்லை. அதனை எவர் ஆள்வது என்பதே வினா. பொதுச் சபை ஒன்றின் கையில் உரிமையாகச் சேரவேண்டிய உணவு, வல்லரசு ஒன்றின் கையில் உதவியாக மாறியது.

தாபனத்தின் தயக்கங்கள் குறித்து டி காஸ்ட்றோ தமது ஏமாற்றத்தை மறைக்கவில்லை. 1957இல் அரசுகளைச் சாராத உலகச் சங்கம் ஒன்றைப் பசிக்கெதிராக அமைத்தமை அவ்வேமாற்றத்தின் விளைவே. ஆனால் பாராளுமன்ற உறுப்பினர் பதவியையும், பின்னர் கூலாட் அரசின் காலத்தில் ஜெனீவாத் தூதுவர் பதவியையும் அவர் ஏற்றமை, அரசுகளின் மீதான நம்பிக்கையை அவர் முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் காட்டுகிறது. உண்மை தெளிவாக எடுத்துரைக்கப்பட்டால் ஆட்சியாளர் திருந்துவர் என்ற அறிஞர்க்கே உரிய நம்பிக்கை அது. பசியை நிலைநிறுத்தும் நலன்களை இத்துணை நுட்பமாக வருணித்தவர், அந்நலன்கள் வாதங்களுக்குச் செவிசாயா என்பதை ஏன் போதிய அளவு கணக்கிடவில்லை என்ற ஐயம் எழுவது இயல்பே.

ஆயினும் அவ்வாசனத்தை வெறுமையெனத் தள்ளிவிடுதலும் நியாயமாகாது. பசியை உற்பத்தித் தொகையின் கணக்காக மட்டும் கண்ட நிபுணர்களின் மத்தியில், நிலவுடைமையையும் குடியேற்றவாதத்தையும் பெயர் சொல்லிப் பேசிய ஒருவர் அங்கிருந்தார். குடியேற்ற ஆட்சியிலிருந்து அண்மையில் விடுபட்ட நாடுகளுக்கு அப்பேச்சு ஒரு சொல்வளத்தை வழங்கியது.

5. ஆறடி நிலம்

அந்நலன்களின் விடை 1964இல் வந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் கூலாட் நிலச்சீர்திருத்த ஆணையை அறிவித்தார். சில வாரங்களுள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஏப்ரிலில் அரசியல் உரிமைகள் பறிக்கப்பட்டவர்களின் பட்டியலில் டி காஸ்ட்றோவின் பெயரும் இடம்பெற்றது. துப்பாக்கி ஏந்தாத, கட்சிச் சூழ்ச்சிகளில் ஈடுபடாத போசாக்கு நிபுணர் ஒருவரை ஒரு சர்வாதிகாரம் ஏன் அஞ்சவேண்டும்? கரும்பு வலயத்தின் பசிக்குப் பெருநிலவுடைமையே காரணம் என்று ஒருவர் மெய்ப்பித்த பின், அந்நிலவுடைமையைக் காக்க வந்த ஆட்சிக்கு அவரது அறிவியலும் கலகமே.

1965இல் அவர் வெளியிட்ட வடகிழக்குப் பற்றிய நூல், ஒருவரைப் புதைக்கப் போதிய நிலத்தையும் ஒரு சவப்பெட்டியையும் தலைப்பிற் கொண்டது. ஏழைகளின் சடலங்களை இரவற் பெட்டியிற் கொண்டுசென்று, குழியில் இறக்கியபின் பெட்டியை மட்டும் திருப்பிக் கொணரும் வழக்கத்தையும், சொந்தப் பெட்டியிற் புதைக்கப்படும் உரிமையை நாடி உழவர்கள் ஒன்றுசேர்ந்தமையையும் அதில் விவரிக்கிறார். உயிரோடு இருக்கையில் நிலமில்லாதவன் இறந்த பின்னாவது தன் பங்கு நிலத்தைக் கோரிய இவ்விடத்தில், அட்டவணைகள் சொல்லாத உண்மையை அவரது எழுத்துச் சொல்லிவிடுகிறது. முந்திய நூல்களிற் பசித்தவர்கள் ஆய்வுக்குரியவர்களாகத் தோன்ற, இந்நூலில் அவர்கள் தம் வரலாற்றைத் தாமே நகர்த்துவோராகத் தோன்றுகின்றனர். ஆட்சியாளரை இணங்கவைக்க முயன்ற அறிஞர், பதவியிழந்த பின்னரே மக்கள் இயக்கத்தை முழுமையாகக் கண்டார் என்பது அவரது வாழ்வின் முரண்.

பாரிசின் வான்சென் பல்கலைக்கழகத்திற் புவியியல் கற்பித்துவந்த அவர், தாயகம் திரும்ப விரும்பியும் வழியின்றி, 1973 செப்தெம்பரில் அங்கேயே காலமானார். உடல் மட்டும் றியோவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறேசிலின் பொருளாதாரம் அதிசய வளர்ச்சி காண்பதாக இராணுவ அரசு பெருமை பேசிய காலம் அது.

6. பின்வந்த சாட்சியம்

டி காஸ்ட்றோவின் வாதத்தை மறுபடியும் மெய்ப்பித்தது பின்வந்த பிறேசிலின் வரலாறே. உற்பத்தி பன்மடங்கு பெருகியபோதும், 1993இல் அரச ஆய்வு நிறுவனம் ஒன்று வரைந்த பசிப்படம் 3 கோடி 20 இலட்சம் பேரை மிக வறியவராகக் காட்டியது. 2003இல் தொடங்கிய ‘பூச்சியப் பசி’த் திட்டம், குடும்ப உதவிப் பணம், குறைந்தபட்ச வேதன உயர்வு, பாடசாலை உணவு, சிறு விவசாயிகளிடமிருந்து அரச கொள்வனவு ஆகியவற்றை ஒன்றிணைத்தது. 2014இல் உணவு விவசாய தாபனத்தின் பசிப்படத்திலிருந்து பிறேசில் நீங்கியது. அத்திட்டத்தை வகுத்தோருள் ஒருவரான கிறசியானோ அவ்வேளை அத்தாபனத்தின் பணிப்பாளர் நாயகமாக இருந்தார். ஆனால் 2019இல் உணவுப் பாதுகாப்புப் பேரவை கலைக்கப்பட்டது. கொள்ளைநோயும் சேர்ந்துகொள்ள, 2022இல் நடந்த ஆய்வொன்று 3 கோடி 30 இலட்சம் பேர் பசித்திருப்பதாகக் கண்டது. அந்நாளிலும் பிறேசில் உலகின் பெரும் உணவு ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாகவே விளங்கியது. 2023இல் அப்பேரவை மீண்டும் அமைக்கப்பட, 2025இல் நாடு மறுபடியும் பசிப்படத்திலிருந்து நீங்கியது. பதினொரு ஆண்டுகளுள் பசி நீங்கி, மீண்டு, மறுபடி நீங்கியமைக்கு மண்ணோ மழையோ சனத்தொகையோ விளக்கமாகமாட்டா. கொள்ளைநோயின் பங்கை ஒப்புக்கொண்டாலும், அரசியற் தீர்மானங்களின் தடமே தெளிவாகத் தெரிகிறது.

1981இல் அமர்த்தியா சென், வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்து, உணவு இருத்தல் வேறு, அதனைப் பெறும் உரித்து இருத்தல் வேறு என நிறுவினார். டி காஸ்ட்றோவிடம் உள்ளுணர்வாக இருந்தது சென்னிடம் கோட்பாடாக முதிர்ந்தது எனலாம். சென்னின் தருக்கச் செறிவு டி காஸ்ட்றோவிடம் இல்லை. நிலவுடைமையின் நீண்ட வரலாற்றை உணவுத்தட்டில் வாசிக்கும் டி காஸ்ட்றோவின் பார்வை சென்னிடம் அதே அழுத்தத்தோடு இல்லை. இருவரையும் சேர்த்துக் கற்றலே பயனுடையது.

2024இல் உலகில் ஏறத்தாழ 67 கோடி மக்கள் பசித்திருந்தனர் என்பது அத்தாபனத்தின் கணிப்பு. எண்ணிக்கைகள் திருத்தப்படலாம்; கருதுகோள்கள் தள்ளப்படலாம். டி காஸ்ட்றோவின் எலிகளையும் அட்டவணையையும் காலம் தள்ளிவிட்டது. ஆனால் வளமண்ணில் வாழ்பவன் ஏன் பசித்திருக்கிறான் என்ற அவரது வினாவைத் தள்ள எவராலும் முடியவில்லை. அவ்வினாவை அரசுகளின் சபையில் எழுப்பியமை அவரது சாதனை. அச்சபையே அதற்கு விடை தரும் என நம்பியமை அவரது எல்லை. போசாக்கையும் புவியியலையும் பொருளியலையும் வெவ்வேறு பாடங்களாகப் பயில்வோர் அவரிடம் முதலிற் கற்கவேண்டியது, பசித்தவனின் உடலில் இம்மூன்றும் ஒன்றாகவே எழுதப்பட்டுள்ளன என்பதாகும்.